பதினான்காம் பத்தி

மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் தருகிறது சட்டம்.
எல்வுட் பூட்டிலியரின் உறை வந்து சேர்ந்தபோது
ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.
எண்ணியது நான்தான். எண்ணுவது என் வேலை,
ஹாலிஃபாக்ஸ் நீதிமன்றத்தின் இரண்டாம் மாடியில்,
துறைமுகத்தைப் பார்த்த ஜன்னலோரம்.
அன்றைக்கு மூடுபனி. டார்ட்மவுத் போகும் படகு
கண்ணில் படாமல் கத்திக்கொண்டே போனது.

படிவத்தில் ஏழாவது கேள்வி:
தாமதத்துக்குக் காரணம் என்ன?
பதில் எழுத இரண்டு விரல் அகலத்தில் ஒரு கட்டம்.
அதற்குள் பென்சிலால் எழுதியிருந்தார்:
"அதுவரை என் மனைவி உயிரோடு இருந்தாள்."

குற்றத்தைப் பற்றி அவருக்கு விவாதமில்லை.
சிங்கி இறால் கூடைகளுக்கு அடியில்
நாற்பது கிலோ கொக்கைன், லாக்போர்ட் கரையில்.
ஒப்புக்கொண்டார். ஒன்பது வருஷம்.
நடீன் மாதம் ஒருமுறை ஸ்பிரிங்ஹில் சிறைக்கு
நாலு மணி நேரம் வண்டி ஓட்டிப் போவாள்.
மூன்றாம் வருஷ நவம்பரில்
மளிகைக் கடை வரிசையில் நின்றபடியே விழுந்தாள்,
கையில் முட்டை அட்டையோடு.

மகன் கோரிக்குப் பதின்மூன்று வயது. பேச்சு கிடையாது.
இப்போது யார்மவுத்தில் ஒரு காப்பகத்தில்.
ஆறு வாரத்தில் ஏழு கிலோ இறங்கியிருந்தான்.

விசாரணைக்குத் திரையில்தான் வந்தார் எல்வுட்.
உதடு அசைந்து முடிந்த பிறகே
சொல் வந்து சேர்ந்தது.
அரசு வழக்கறிஞர் திபோடோ அம்மாள்
கெட்டவள் இல்லை; ஒருமுறை தண்ணீர் குடிக்க நிறுத்தினாள்.
"விதித்த அன்று அது சரியான தண்டனை," என்றாள்.
"பிறகு நடந்தது துயரம்.
துயரம் பிழை ஆகாது.
இரக்கம் கேட்பதற்கு வேறு அலுவலகம் இருக்கிறது."
அந்த அலுவலகத்திலிருந்து எங்களுக்கு அனுப்பிய கடிதம்
அதே கோப்பில், நாலாவது தாளாக இருந்தது.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார் நடுவில் இருந்த நீதிபதி.
திரையில் கொஞ்ச நேரம் அசைவில்லை.
இணைப்பு போய்விட்டது என்றே நினைத்தேன்.
"பதினாலாம் பத்தியைப் படித்தீர்களா?"
"எல்லாவற்றையும் படித்தோம், திரு. பூட்டிலியர்."

பத்தொன்பது நாள் கழித்துத் தீர்ப்பு, இரண்டே வரி:
காலதாமதம் மன்னிக்கப்படுகிறது.
மேல்முறையீடு தள்ளுபடி செய்யப்படுகிறது.

கதவைத் திறந்து காட்டி
உள்ளே வீடு இல்லை என்று சொன்னதுபோல்,
என்று எழுதப் பார்த்தேன். வேண்டாம்.
மூன்று பேரும் சட்டப்படிதான் செய்தார்கள்.
அதுதான் எனக்குத் தொண்டையில் நின்றது.

கோப்பைக் கட்டிக் கீழறைக்கு அனுப்ப வேண்டும்.
கட்டுவதற்கு முன்னால்
பிரமாணப் பத்திரத்தை மட்டும் உருவினேன்.
பதினோரு பக்கம், முப்பத்தொரு பத்தி.
நகலுக்குப் பக்கம் ஐம்பது சென்ட்;
என் சில்லறையைப் போட்டேன்.
தேதி முத்திரை குத்தவில்லை. இருபது வருஷத்தில்
குத்தாமல் நான் வெளியே அனுப்பிய
முதல் தாள் அது.
யார்மவுத் முகவரி கோப்பிலேயே இருந்தது.
சமையலறைக்கு, என்று உறைமேல் எழுதினேன்.

பதினாலாம் பத்திக்கு மட்டும் பக்கத்தில் ஒரு கோடு:

"கோரியைச் சாப்பிடக் கூப்பிடாதீர்கள்.
பெயர் சொன்னால் காதைப் பொத்திக்கொள்வான்.
தட்டை வையுங்கள். ரொட்டியில் பால் படக்கூடாது.
விரல் முட்டியால் மேசையை மூன்று முறை தட்டுங்கள்.
பிறகு வேறு பக்கம் திரும்பி உட்காருங்கள்.
நாற்பது எண்ணும்வரை ஒன்றும் நடக்காது.
நூறு எண்ணினாலும் நடக்காது.
தட்டை எடுத்துவிடாதீர்கள்.
நேரம் கழித்துத்தான் வருவான்.
வருவான்."